சுவரைப் பார்த்த மூலை

முதலாளி, சுமைக்காரர் தராசுக்குத் தர வேண்டிய பாக்கி ஒரு லட்சத்து எழுபத்து நாலாயிரத்து அறுநூற்று ஐம்பது. பதினாலு மாதம் பாதிச் சம்பளத்தைக் கையில் கொடுத்து, மீதிப் பாதியை நோட்டில் எழுதி வைத்ததில் சேர்ந்த தொகை அது. மாதத்துக்குப் பன்னிரண்டாயிரத்து நானூற்று எழுபத்தைந்து. தராசு அந்தக் கணக்கைப் படியேறும்போதும் போட்டுப் பார்ப்பார், இறங்கும்போதும் போட்டுப் பார்ப்பார். எப்போது போட்டாலும் விடை சரியாக வந்தது. பணம்தான் வரவில்லை.

தராசு என்பது கிடங்கில் அவருக்கு விழுந்த பெயர். கம்ப்யூட்டர் சாமான்களை மொத்தமாக வாங்கி விற்கும் அந்தக் கடையில் இருபத்திரண்டு வருஷமாகப் பெட்டி சுமக்கிறார். லிஃப்ட் பழுதாகி நாலு வருஷம் ஆகிறது. வண்டியில் வருவதெல்லாம் அவர் தோளேறித்தான் இரண்டாம் மாடிக்குப் போகும். எந்தப் பெட்டியைக் கையில் கொடுத்தாலும் எடையைச் சொல்லிவிடுவார். ஐம்பது கிராம் முன்னே பின்னே இருக்கலாம், அதற்கு மேல் தப்பாது. எழுத்துக் கூட்டப் பழகியது நாற்பது வயதுக்கு மேல்தான், அதுவும் பெட்டிகளில் ஒட்டியிருந்த சீட்டுகளைப் பார்த்து. அதனால் இன்றைக்கும் எதைப் படித்தாலும் ஒவ்வொரு எழுத்தாக, ஒன்றையும் விடாமல்தான் படிப்பார்.

அன்று காலை பதினொரு மணிக்கு முதலாளி கூப்பிட்டார். மேசையில் இருந்த தேநீர் ஆறி ஆடை கட்டியிருந்தது.

"தராசு, சுத்தி வளைக்காம சொல்லிடறேன். நாலு மணிக்கு வங்கிக்காரங்க கிடங்குக்குப் பூட்டுப் போட வர்றாங்க. பணமா உனக்குக் குடுக்க ஒத்தப் பைசா இல்ல. சரக்கா எடுத்துக்கிறியா?"

"சரக்க வச்சு நான் என்ன பண்ண முதலாளி? அரைச்சுக் குடிக்கவா?"

"உன் பொண்ணுக்குக் கம்ப்யூட்டர் வேணும்னு போன மாசம் கேட்டியே. அவளக் கூப்பிடு. பாக்கி எவ்வளவோ அவ்வளவுக்கு எடுத்துக்கோங்க, கணக்கம்மா பில் போடுவாங்க. நாலு மணிக்கு மேல இங்க கெடக்கற ஒரு ஸ்க்ரூகூட என்னுது இல்ல." முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கோ. வாசலத் தாண்டிட்டா மாத்தித் தர முடியாது. கடையே இருக்காது, அப்புறம் யார்கிட்ட வந்து மாத்துவ?"

ஒரு மணிக்கு மகள் வந்து சேர்ந்தாள், தலைகூடச் சரியாக வாராமல். கையில் நாலாக மடித்த ஒரு தாள். அந்தத் தாளை அவள் எட்டு மாதமாக எழுதி, அடித்து, எழுதி வைத்திருக்கிறாள் என்பது தராசுக்குத் தெரியும். வீட்டில் ஒரே மேசைதான். அவர் சாப்பிடும்போது தட்டுக்குப் பக்கத்தில் அந்தத் தாள்தான் கிடக்கும்.

அவளுக்கு ஒரு வேலை கிட்டத்தட்டக் கிடைத்திருந்தது. கட்டிடங்களைக் கட்டுவதற்கு முன்பே கட்டி முடித்த மாதிரி படமாக ஓடவிட்டுக் காட்டும் நிறுவனம் அது. வாசலில் நுழைந்தால் வெயில் எந்தச் சுவரில் விழும், மாடியில் நின்றால் என்ன தெரியும் என்பதையெல்லாம் காட்ட வேண்டும். சொந்தமாக வேகமான கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களுக்குத்தான் வேலை. திங்கட்கிழமை காலை சோதனைப் படம் ஒன்றை அனுப்ப வேண்டும். வீட்டிலிருக்கும் பழைய பெட்டியில் அந்தக் கட்டிடம் பாதி மாடி ஏறுவதற்குள் உறைந்து நின்றுவிடும். இன்றைக்கு வெள்ளி.

"மூணு மணி நேரம்தான் இருக்குப்பா," என்றாள். "டெஸ்ட் பண்ணாம எதையும் எடுத்துட்டுப் போகக் கூடாது. அதுக்கு ஒரு மணி நேரம் வேணும். மாட்ட அரை மணி நேரம். அப்ப பொறுக்கறதுக்கு ஒன்றரை மணி நேரம்தான்."

கிடங்கில் ஜன்னல் ஒன்று, விளக்கு ஆறு, அதில் எரிவது நாலு. கணக்கம்மா பில் புத்தகத்தோடு ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தார். முதலாளியும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். தன் கடையைக் கடைசியாக ஒரு தடவை பார்க்க வந்தவர் மாதிரி இருந்தார்.

பிராசஸரில் பிரச்சினை இல்லை. பெட்டியின் முத்திரை கிழியாமல் இருந்தது, முப்பத்திரண்டாயிரம். மதர்போர்டில் மகள் நின்றுவிட்டாள். ஒன்றைத் திறந்து, பிராசஸர் உட்காரும் குழியின் மேல் மூடியை எடுத்துவிட்டு, போன் டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பார்த்தாள். தலைமுடியைவிட மெல்லிய ஆயிரக்கணக்கான ஊசிகள் ஒரே பக்கம் படுத்து மின்னின. நடுவில் ஒரே ஓர் ஊசி மட்டும் வேறு பக்கம் பார்த்தது.

"இது வேணாம்."

"ஒத்த ஊசிக்காகவா?" என்றார் முதலாளி.

"அந்த ஊசில ரேம் போற வழி இருக்கலாம் சார். ஒரு பக்கத்து ரேமே தெரியாமப் போயிடும்."

இரண்டாவது போர்டில் எல்லா ஊசியும் ஒழுங்காக இருந்தன. ரேம் இரண்டு பட்டைகளும் ஒரே உறையில் ஜோடியாக வந்ததா என்று பார்த்தாள். பிராசஸரைக் குளிர்விக்கும் கூலரின் உயரம் நூற்று ஐம்பத்தெட்டு மில்லிமீட்டர், எல்லாவற்றையும் மாட்டும் கேபினட்டுக்குள் நூற்று அறுபத்தைந்து வரை இடம் உண்டு என்று தாளில் சரிபார்த்தாள். முன்பக்கம் கண்ணாடி போட்ட கேபினட் ஒன்று பார்க்க ஜோராக இருந்தது. அவள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், முன்பக்கம் முழுக்கச் சல்லடையாக இருந்த சாதாரணக் கேபினட்டை எடுத்தாள்.

"அது என்ன, அரிசி சலிக்கிற மாதிரி இருக்கு," என்றார் கணக்கம்மா.

"உள்ள இருக்கறது மூச்சு விடணும்ல அக்கா."

பவர் சப்ளையை எடுத்துத் தராசு மகளிடம் நீட்டினார். நீட்டியவர், கொடுக்காமல் திரும்ப இழுத்துக்கொண்டார். உள்ளங்கையில் வைத்து மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றினார்.

"எடை சரியாத்தான் இருக்கு. ஆனா கனம் ஒரு மூலைல தூங்குது."

"தூங்குதுன்னா?"

"நல்ல பெட்டில கனம் பரவி நிக்கும்மா. எந்தப் பக்கம் சாய்ச்சாலும் கை ஒரே மாதிரி இழுபடும். இது சாய்ச்ச பக்கம் தொபுக்குனு விழுது."

மகள் விசிறியின் கம்பி வழியாக டார்ச் அடித்தாள். உள்ளே நாலைந்து சின்னச் சாமான்கள் ஒரு பக்கம் ஒண்டிக்கொண்டிருந்தன. மறு மூலையில் ஓர் இரும்புத் துண்டைப் பசை போட்டு ஒட்டியிருந்தார்கள்.

முதலாளி எழுந்து வந்து எட்டிப் பார்த்தார். அவர் முகம் கறுத்துப்போனது. "திரும்பி வந்த மால். எவனோ உள்ள இருந்தத உருவிட்டுக் குடுத்திருக்கான். நானும் வாங்கி வச்சிருக்கேன்."

"இத மாட்டியிருந்தா எல்லாத்தையும் சேர்த்துக் கொளுத்தியிருக்கும்," என்றாள் மகள். அப்பாவின் கையைப் பிடித்து ஒரு தடவை அழுத்தினாள். அவர் கையில் வைத்துப் பார்த்துக் கொடுத்த வேறொரு பவர் சப்ளையை எடுத்து வைத்தாள். தராசுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அந்தப் பெருமை இன்னும் பத்து நிமிஷம் நிலைத்திருக்கலாம்.

"இனிமே கிராபிக்ஸ் கார்டுதான்," என்று மகள் தாளைப் பார்த்தாள். "நம்ம பாக்கில பாதி இதுக்குத்தான். படம் ஓடறதே இதுலதான். பதினாறு ஜிபி உள்ளது வேணும். எங்க இருக்கு அக்கா?"

கணக்கம்மா பேனாவால் காட்டினார். "அந்தக் கடைசி ரேக்குக்குக் கீழ. மூணு மிச்சம் இருக்கும். எழுபத்தெட்டாயிரம்."



அந்த அட்டைப்பெட்டியைத் தராசுக்கு நன்றாகத் தெரியும். போன மழைக்காலத்தில் பன்னிரண்டு கார்டுகளோடு அது வந்தது. மற்ற மூன்று சுமைக்காரர்களும் பாதிச் சம்பளத்துக்கு ஆகாது என்று நின்றுவிட்ட மாதம். வண்டி நிறைய இறங்கிய சரக்கை ஒற்றை ஆளாக ஏற்றினார். சாயங்காலம் கால் நடுங்கிக்கொண்டிருந்தபோது முதல் மாடித் திருப்பத்தில் படி ஈரமாக இருந்தது. பெட்டி தோளிலிருந்து நழுவி, ஏழு படி உருண்டு, ஒரு மூலையில் குத்தி நின்றது. யாரும் பார்க்கவில்லை. நசுங்கிய மூலையைச் சுவர்ப் பக்கம் திருப்பிக் கீழ் ரேக்கில் தள்ளினார். அதன்பிறகு எத்தனையோ தடவை கிடங்கை ஒழுங்குபண்ணினார். ஒவ்வொரு தடவையும் அந்த மூலை சுவரைப் பார்த்தே உட்காரும்படி பார்த்துக்கொண்டார். விற்பவர்கள் மேலே திறந்து ஒவ்வொன்றாக எடுத்துப் போனார்கள். மூலையை ஒருவரும் பார்க்கவில்லை.

மகள் மேல்மூடியைத் திறந்து ஒரு பெட்டியை உருவினாள். பளபளவென்று, கீறல்கூட இல்லாமல் இருந்தது.

"வேற எதாவது பாரேன்," என்றார் தராசு.

"வேற என்னப்பா?"

"அதோ, சின்னது இருக்கே. நாப்பத்தோராயிரம்னு போட்டிருக்கு. காசும் மிச்சம்."

"அது எட்டு ஜிபி. அந்தக் கட்டிடம் அதுக்குள்ள நுழையவே நுழையாது. நம்ம வீட்டுக்குள்ள யானையக் கூட்டிட்டு வர்ற மாதிரி." அவள் சிரித்தாள். அவர் சிரிக்காததைப் பார்த்ததும் நிறுத்தினாள். "ஏன்ப்பா?"

தராசு பெட்டியைப் பார்த்தார். பிறகு, இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு தடவைகூடச் செய்யாத காரியத்தைச் செய்தார். பெட்டியை வாங்கி, உள்ளங்கையில் வைத்து, ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, "எடை கம்மியா இருக்கு," என்றார். "கை சொல்லுது."

மகளின் முகம் வெளுத்தது. இப்போதுதான் இரும்புத் துண்டைப் பார்த்திருக்கிறாள். "இதுலயும் உருவிட்டாங்களா?" மற்ற இரண்டையும் வெளியே எடுத்தாள். "இது?"

"அதுவும் கம்மிதான்."

"மூணுமா?" மகள் புருவத்தைச் சுருக்கினாள். மூன்றையும் அடுக்கிக்கொண்டு போய், பார்சல் கட்டும் மேசையிலிருந்த மின் தராசில் ஒவ்வொன்றாக வைத்தாள். வெளிப்பெட்டியில் ஒரு கார்டின் எடை அச்சிட்டிருந்தது. ஆயிரத்து எண்ணூற்று நாற்பது கிராம். மூன்று பெட்டிக்கும் மின் தராசு காட்டியதும் அதேதான். ஒன்றில் மட்டும் இரண்டு கிராம் கூட.

"என்ன அண்ணே," என்றார் கணக்கம்மா. "தராசு துருப்பிடிச்சிடுச்சா?"

முதலாளி சிரிக்கவில்லை. அந்தக் கை எப்போதும் தப்பாது என்பது அவருக்குத் தெரியும். மகளும் சிரிக்கவில்லை. கிட்டத்தில் வந்து தாழ்ந்த குரலில் கேட்டாள். "அப்பா. மணி ரெண்டே கால். என்னன்னு சொல்லு."

சொன்னால் என்ன ஆகும் என்பதும் அவருக்குக் கணக்காகத்தான் தெரிந்தது. அந்தப் பன்னிரண்டில் இரண்டு கார்டு ஒரே மாதத்தில் திரும்பி வந்தது, சப்ளையர் அதை எடுத்துக்கொள்ள மாட்டேன் என்றது, இந்த மேசையில் நாள்முழுக்கச் சண்டை நடந்தது எல்லாம் அவர் பெட்டி அடுக்கிக்கொண்டே கேட்டவைதான். சொன்னால் பதினாலு மாதச் சம்பளம் கரைந்துபோகலாம். சொல்லாவிட்டால் மகள் அந்தப் பெட்டியை வாங்கிக்கொண்டு போவாள். ஒரு மாதம் ஓடும், பிறகு கண்ணை மூடும். அவள் தன்னைத்தான் திட்டிக்கொள்வாள், தான்தான் தப்பாகப் பொறுக்கிவிட்டதாக.

"நான் போட்டுட்டேன்," என்றார்.

"எத?"

"அந்தப் பெட்டிய. போன மழைல, முதல் மாடித் திருப்பத்துல. ஏழு படி உருண்டுச்சு. பன்னெண்டும் உள்ள இருந்துச்சு." அவர் மகளைப் பார்த்துப் பேசவில்லை, முதலாளியைப் பார்த்தும் பேசவில்லை. ரேக்குக்குப் போய்க் குனிந்து, வெறும் அட்டைப்பெட்டியைச் சுவரிலிருந்து இழுத்துத் திருப்பினார். உள்ளங்கை அகலத்துக்கு அந்த மூலை உள்ளே போயிருந்தது.

முதலாளி குனிந்து அந்த மூலையைப் பார்த்தார்.

"ரெண்டு கார்டு," என்றார். "ஒண்ணு அறுபதாயிரம் எனக்கு. போர்டுல விரிசல் இருக்கு, கீழ போட்டிருக்கீங்கன்னு சப்ளையர் தலையில அடிச்சுக்கிட்டான். நான் அவனத் திருடன்னேன். பதினஞ்சு வருஷப் பழக்கம், அன்னையோட போச்சு."

"கழிச்சா அம்பத்து நாலாயிரத்து அறுநூத்தி அம்பது," என்று கணக்கம்மா பழக்கத்தில் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

ஐம்பத்து நாலாயிரம் பிராசஸருக்கும் போர்டுக்கும் சரியாகப் போய்விடும். கையில் இரண்டு பெட்டி. அதை வைத்துக்கொண்டு விளக்குகூடப் போட முடியாது. மகள் தன் தாளைப் பார்த்தாள். மடித்தாள். திரும்ப விரித்தாள்.

"சார், ஒண்ணு கேக்கலாமா?" என்றாள். "அன்னைக்கு எத்தன பெட்டி வந்துச்சு?"

கணக்கம்மா வரவுப் புத்தகத்தைப் புரட்டினார், வேண்டுமென்றே சத்தமாக. "எழுபத்திரண்டு பெட்டி. ஏத்தினது ஒரு ஆளுன்னு போட்டிருக்கு. என் கையெழுத்துதான்."

"நாலு பேர் வேல சார் அது. மூணு பேர் அரைச் சம்பளத்துக்கு வேணாம்னு போயிட்டாங்க. இவரும் போயிருந்தா போட்டிருக்க மாட்டாரு."

"விடும்மா," என்றார் தராசு. "போட்டது போட்டதுதான். மறைச்சது வேற."

முதலாளி எழுந்து ஜன்னல்வரை போனார். திரும்பி வந்தார். நசுங்கிய மூலையைக் காலால் லேசாகத் தட்டினார்.

"சரி, இப்படிப் பண்ணலாம். திரும்பி வந்த ரெண்ட நான் மறந்துடறேன். நீ போட்டதுல ஒண்ண நீயே எடுத்துக்கோ. முழு வில, எழுபத்தெட்டு. ஒரு பைசா குறைக்க மாட்டேன். நாளைக்கே அது செத்தாலும் என் பேரச் சொல்லக் கூடாது. மத்ததெல்லாம் உன் பொண்ணு தாள்ல இருக்கற மாதிரியே. சம்மதமா?"

தராசு மகளைப் பார்த்தார். அவள் ஏற்கெனவே மூன்று பெட்டிகளையும் வரிசையாக வைத்து அவற்றின் எண்களைப் படித்துக்கொண்டிருந்தாள். நீளமான எண்கள், கடைசி இரண்டு இலக்கம் மட்டும் வேறு. மூன்று, ஒன்பது, பத்து.

"முழு டெஸ்ட் ஒண்ணுக்குத்தான் நேரம் இருக்கு," என்றாள். "மூணுல எதன்னு எடுக்கறது? எங்கயாச்சும் முடி அளவுக்கு விரிசல் இருந்தா கண்ணுக்குத் தெரியாது. சூடேறினாத்தான் வாயத் திறக்கும்."

"மூலை குத்தித்தான் விழுந்துச்சு," என்றார் தராசு மெல்ல. "அந்த மூலைல எது இருந்துச்சுன்னு தெரிஞ்சா..." சட்டென்று கணக்கம்மா பக்கம் திரும்பினார். "திரும்பி வந்த ரெண்டோட நம்பர் இருக்குமா?"

இருந்தது. கணக்கம்மா விரலால் தேடிப் படித்தார். ஒன்று பதினொன்றில் முடிந்தது, மற்றது பன்னிரண்டில்.

தராசு இந்த மாதிரிச் சரக்கை ஆயிரம் பெட்டி பிரித்திருக்கிறார். கம்பெனியில் பெட்டி கட்டுகிறவன் ஒரு கோடியிலிருந்து ஒன்று, இரண்டு என்று நிற்கவைத்துக்கொண்டே வருவான். மறு கோடியில் பன்னிரண்டு வந்து முட்டும். "அப்ப அடி பட்டது பன்னெண்டு பக்கம். பத்தும் ஒன்பதும் அதுக்கு ஒட்டினாப்புல நின்னது. மூணு அந்தக் கோடி. அதுக்கும் பதினொண்ணுக்கும் நடுவுல ஏழு பெட்டி, அடி அங்கயே அடங்கியிருக்கும்."

மகள் அவரை ஒரு கணம் பார்த்தாள். "இத முதல்லயே சொல்லியிருந்தா இருபது நிமிஷம் மிச்சம்ப்பா," என்று சொல்லிக்கொண்டே மூன்றாம் பெட்டியின் முத்திரையைக் கிழித்தாள்.

கிடங்கின் பின்பக்கம் சோதனை மேசை ஒன்று இருந்தது. அவள் மேசையில் ரப்பர் விரிப்பைப் போட்டு, போர்டை வைத்து, பிராசஸரை இறக்கி, கூலரின் நாலு திருகையும் குறுக்குமறுக்காக முடுக்கினாள். ஒரு திருகு கீழே உருண்டது. தராசு மண்டியிட்டுத் தேடி எடுத்துக் கொடுத்தார். மூன்றாம் கார்டை இரு கையாலும் பிடித்து அழுத்தியபோது 'டிக்' என்று கொக்கி விழுந்தது.

மூன்று ஐந்துக்குத் திரை வந்தது. ரேம் முழுசாகத் தெரிந்தது. சோதனைப் படத்தை ஓடவிட்டாள். கண்ணாடி உருண்டைகளும் புகையும் சுழலும் ஏதோ ஒரு படம். கார்டை அதன் முழுப் பலத்துக்கும் வேலை வாங்குவதற்காகவே செய்தது. ஓரத்தில் மூன்று எண்கள். வேகம், மின்சாரம், சூடு.

"அம்பது நிமிஷம் ஓடணும். திரைல கட்டம் கட்டமா கலர் வந்தாலோ, கறுப்பாப் போனாலோ கதை முடிஞ்சுது. சூடு எண்பத்தஞ்சத் தாண்டக் கூடாது."

ஐம்பத்தொன்று. அறுபத்து மூன்று. எழுபது. எழுபத்தெட்டில் கொஞ்ச நேரம் தங்கியது. மூன்றரைக்கு எண்பத்து மூன்று. விசிறிகள் வீறிட்டன.

"எண்பத்தஞ்சு," என்றாள் மகள். அவள் கை சுட்டியின் மேல் இருந்தது. "எண்பத்தாறு. அப்பா, நிறுத்திடவா?"

தராசு எண்ணைப் பார்க்கவில்லை. மேசையைச் சுற்றிப் பார்த்தார். மூன்று பக்கமும் அட்டைப்பெட்டி ஆளுயரத்துக்கு அடுக்கியிருந்தது. போன வாரம் அவர் அடுக்கியதுதான். கையை நீட்டி மேசைக்கும் பெட்டிக்கும் நடுவில் வைத்தார். அடுப்பு வாய் மாதிரி அனல் அடித்தது.

"நிறுத்தாத. இது உள்ள இருக்கற சூடு இல்ல. விட்ட மூச்சையே திரும்ப இழுக்குது."

மேல் பெட்டியைத் தோளில் வாங்கினார். முப்பத்தெட்டுக் கிலோ. இரண்டாவது. மூன்றாவது. கண்ணில் வியர்வை இறங்கியது, ஆனால் ஒரு பெட்டியைக்கூடத் தள்ளவோ எறியவோ இல்லை. ஒவ்வொன்றையும் தூக்கிக்கொண்டு போய் இறக்கி வைத்தார். பதினோராவது பெட்டி நகர்ந்தபோது ஜன்னல் பக்கத்துக் காற்று உள்ளே வந்தது.

"எண்பத்தஞ்சு," என்றாள் மகள். "எண்பத்து மூணு. எழுபத்தொன்பது." அந்த எண் எழுபத்தேழில் உட்கார்ந்துகொண்டது.

மூன்று ஐம்பதுக்குப் படியில் செருப்புச் சத்தம் கேட்டது. வங்கியிலிருந்து இரண்டு பேர். ஒருவரிடம் பூட்டும் அரக்கும், மற்றவரிடம் கோப்பு. கோப்புக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"மின்சாரத்த எல்லாம் நிறுத்திடுங்க. கொஞ்சம் முன்னாடியே முடிச்சிடலாம். கிடங்குப் பொறுப்புல யாரு? இதுல ஒரு கையெழுத்து வேணும். நீங்கதான் இருந்தீங்க, எல்லாம் உங்க முன்னாடிதான் பூட்டினோம்னு."

மகள் திரும்பினாள். இன்னும் ஐந்து நிமிஷம்.

"நான்தான்," என்றார் தராசு. துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு தாளை வாங்கினார். "படிச்சுப் பார்த்துட்டுத்தான் போடுவேன்."

"சும்மா நடைமுறைதான் பெரியவரே. எங்க போடணும்னு நான் காட்டறேன்."

"இல்லங்க. படிக்காம எதுலயும் போடறதில்ல."

வெளிச்சம் விழும் இடத்தில் போய் நின்று படிக்க ஆரம்பித்தார். விரல் எழுத்துக்கு எழுத்து நகர்ந்தது. 'மேற்கண்ட' என்ற சொல்லிலேயே அரை நிமிஷம் போனது. 'ஜாமீன்தாரர்' வந்தபோது நின்று, திரும்பிப் போய், மறுபடி ஆரம்பித்தார். அவர் நடிக்கவில்லை. அவர் படிப்பதே அப்படித்தான். அது தெரிந்த முதலாளி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். கணக்கம்மா இருமினார்.

"அண்ணே, ரெண்டாவது பக்கமும் இருக்கு," என்றார் கணக்கம்மா.

"பார்த்தேன்மா. அதுக்குத்தான் வர்றேன்."

பூட்டு வைத்திருந்தவர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். இரண்டாம் பக்கத்தின் நடுவில் விரல் போய்க்கொண்டிருந்தபோது, பின்னாலிருந்து வீறிட்ட சத்தம் மெல்லத் தணிந்தது. விசிறிகள் ஒவ்வொன்றாக அடங்கின.

"அப்பா," என்றாள் மகள். "முடிஞ்சுது. ஒரு தப்புகூட இல்ல."

தராசு நிமிரவில்லை. மிச்சமிருந்த ஏழு வரியையும் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார்.

பத்து நிமிஷம் அவகாசம் கேட்டு, கழற்றி, அந்தந்தப் பெட்டியில் வைத்தார்கள். முதல் மாடித் திருப்பம் வந்தபோது தராசு நின்று, காலால் படியைத் தடவிப் பார்த்துவிட்டு இறங்கினார். கார்டை மட்டும் மகள் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு முன்னால் போனாள்.

வாசலில் கணக்கம்மா நோட்டைப் பெட்டியின் மேல் விரித்தார். பதினாலு வரி. அடிக்கோல் வைத்து ஒவ்வொரு வரியாக அடித்துக்கொண்டே வந்தார். சரக்கு ஒரு லட்சத்து எழுபத்து நாலாயிரம். மீதி அறுநூற்று ஐம்பது.

முதலாளி சட்டைப் பையைத் துழாவினார். கசங்கிய தாள்களை எண்ணி நீட்டினார். "வண்டிக்கு வச்சுக்கோ."

"ஒத்தப் பைசா இல்லேன்னீங்களே முதலாளி."

"கடைக்கு இல்லேன்னேன். இது வீட்டுக் காசு. பிடி."

தராசு வாங்கிக்கொண்டார். கணக்கம்மா கடைசி வரிக்குக் கீழே எழுதிய இரண்டு சொல்லையும் குனிந்து, எழுத்துக் கூட்டி, வாய்விட்டுப் படித்தார். 'பாக்கி இல்லை.' இன்னொரு தடவையும் படித்துவிட்டு, அதற்குப் பக்கத்தில் தன் பெயரை முழுசாக எழுதினார்.